வலைக்கண்ணியும் கடற்கண்ணியும்: ‘வயோலா’ என்னும் நீராவி இழுவைக்கப்பல்

தமிழில் ‘கண்ணி’ என்னும் ஒரே சொல், வலையின் முடிச்சுகளுக்கு இடையிலுள்ள துளையையும், பறவையையும் விலங்கையும் அகப்படுத்தும் பொறியையும் குறிக்கிறது. மறைந்து கிடந்து, தொட்டவரை அழிக்கும் வெடிக்குக் ‘கண்ணிவெடி’ என்னும் பெயர் அந்த இரண்டாம் பொருளிலிருந்து அமைந்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இந்த இரண்டு கண்ணிகளோடும் உழன்ற கப்பல் இனம் ஒன்று உண்டு. வட கடலில் மீன் பிடிப்பதற்கென்றே கட்டப்பட்டு, போர் மூண்டபோது ஆளோடும் தளவாடத்தோடும் கடற்படையின் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட நீராவி இழுவைக்கப்பல்களே அவை. அவ்வினத்தில் இன்று எஞ்சியிருக்கும் மிகச் சிலவற்றுள் ஒன்று ‘வயோலா’. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள ஹல் நகரத்து மீன்பிடி நிறுவனம் ஒன்றுக்காக 1906ஆம் ஆண்டு கட்டப்பட்ட அக்கப்பல், இப்போது தென் அட்லாண்டிக்கின் கடைக்கோடியில், தெற்கு ஜார்ஜியா தீவின் கரையில் துருவேறி நிற்கிறது. போருக்கென ஒருநாளும் வடிவமைக்கப்படாத அது போரில் எப்படிப் பயன்பட்டது என்னும் கேள்விக்கான விடை, அது மீன் பிடித்த முறையிலேயே அடங்கியிருக்கிறது.

இழுவையின் இயக்கம்

இழுவை மீன்பிடிப்பு என்பது, பை போன்ற வலையொன்றைக் கடலடித் தரையை ஒட்டி இழுத்துச் சென்று, அங்கு வாழும் மீன்களை வாரி எடுக்கும் முறையாகும். தமிழ்நாட்டு விசைப்படகுகளில் ‘மடி’ எனப்படுவது இவ்வகை வலையே. பாய்மரக் கப்பல்கள் இத்தொழிலைச் செய்த காலத்தில், வலையின் வாய் மூடிக்கொள்ளாதபடி அதன் மேல்விளிம்பில் நீண்ட மரச்சட்டம் ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. சட்டத்தின் நீளத்துக்கு மேல் வலையின் வாய் அகலவும் முடியாது, காற்று விழுந்துவிட்டால் வலையை இழுக்கவும் முடியாது. 1881இல் கிரிம்ஸ்பி துறைமுகத்தின் ‘ஸோடியாக்’ போன்ற, நீராவியால் இயங்கும் இழுவைக்கப்பல்கள் வந்தபோது காற்றைச் சார்ந்திருக்கும் நிலை நீங்கியது. அடுத்த பத்தாண்டின் நடுவில் மரச்சட்டமும் வழக்கொழியத் தொடங்கி, அதற்கு மாற்றாக வலையின் இரு பக்கமும் இரும்புப் பூண் கட்டிய கனத்த பலகைகள் வந்தன. நூலில் கட்டிய பட்டம் காற்றில் சாய்ந்து நின்று எழும்புவதைப் போல, கப்பல் இழுக்கும்போது இப்பலகைகள் நீரின் அழுத்தத்தில் சாய்ந்து ஒன்றையொன்று விட்டு விலகும். அவை விலக விலக வலையின் வாய் தானாகவே அகலும். இந்தப் பட்டத்தின் தத்துவம் பின்னர் போரிலும் வேலைக்கு வந்தது.

இத்தகைய வலையை ஆழத்திலிருந்து மேலே இழுக்க மனிதக் கைகள் போதா. எனவே கப்பலின் மேல்தளத்தில், கொதிகலனின் நீராவியைக்கொண்டே சுழலும் வின்ச் ஒன்று நிறுத்தப்பட்டு, பலகைகளோடு பிணைத்த எஃகு வடங்கள் அதன் உருளைகளில் சுற்றப்பட்டன. கப்பலைச் செலுத்தியது மும்முறை விரிவு எஞ்சின் எனப்படும் வகை. கொதிகலனிலிருந்து வரும் நீராவி முதலில் சிறிய உருளையிலும், பின்னர் நடுத்தர உருளையிலும், இறுதியில் பெரிய உருளையிலுமாக மூன்று முறை விரிந்து தண்டுகளைத் தள்ளுவதால், ஒரே அளவு நிலக்கரியைக்கொண்டு கூடுதல் தொலைவு போக முடிந்தது. நிலக்கரிக்கான இடம் மிச்சமான அளவுக்கு மீனுக்கான இடம் கூடியது.

வயோலா கட்டப்பட்ட இடம் ஹல் நகருக்கு வடக்கே, ஹல் ஆற்றங்கரையில் அமைந்த பெவர்லி என்னும் ஊர். அங்கிருந்த குக், வெல்டன், ஜெம்மல் நிறுவனத்தின் கட்டுதுறையை ஒட்டி ஓடிய ஆறு மிகவும் குறுகலானது என்பதால், வழக்கம்போல் கப்பலின் பின்புறமாகிய அமரத்தை முன்விட்டு நீரில் இறக்க வழியில்லை. ஆற்றுக்கு இணையாகக் கட்டி, பக்கவாட்டில் சரித்துத் தள்ளுவதே அங்கு வழக்கம். அவ்வாறு இறக்கப்பட்ட வயோலாவின் எஃகு உடல் ஏறத்தாழ 33 மீட்டர் நீளமுடையது. அதன் உரிமையாளரான ஹெல்யர் நிறுவனம் தன் கப்பல்களுக்கு ஷேக்ஸ்பியரின் நாடகப் பாத்திரங்களின் பெயர்களைச் சூட்டிவந்தது. வயோலா என்பது ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தின் நாயகி. கப்பல் உடைந்து அந்நிய நாட்டுக் கரையில் ஒதுங்கி, வேறு பெயரும் வேறு வேடமும் பூண்டு பிழைத்துக்கொள்பவள். கப்பலின் பிற்கால வாழ்வு இப்பெயருக்கு எவ்வளவு பொருந்திப்போகும் என்பதைப் பெயர் வைத்தவர்கள் எண்ணியிருக்க முடியாது.

பெட்டி மாற்றும் கப்பற்கூட்டம்

வயோலா தனித்துச் சென்று மீன் பிடித்த கப்பலன்று. டஜன் கணக்கான கப்பல்கள் ஒரே கூட்டமாகக் கடலில் வாரக்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் முறையைச் சேர்ந்தது. பிடித்த மீனைப் பெட்டிகளில் அடுக்கி, நாள்தோறும் வந்துபோகும் வேகமான சுமைக்கப்பலில் ஏற்றி, லண்டன் பில்லிங்ஸ்கேட் சந்தைக்கு அனுப்பிவிடுவதால் இக்கூட்டங்களுக்குப் ‘பெட்டிக் கூட்டம்’ என்ற பொருளில் பெயர் வழங்கியது. கூட்டத்தை நடத்தும் மூத்த தலைவருக்கு, கடற்படையில் உள்ளதைப் போலவே, ‘அட்மிரல்’ என்று பட்டம். எந்தத் திட்டுக்குப் போவது, எப்போது வலை விடுவது, எப்போது எடுப்பது என்பதையெல்லாம் பகலில் கொடிகளாலும் இரவில் வாணங்களாலும் அவர் அறிவிப்பார். மற்றக் கப்பல்கள் அதற்குக் கட்டுப்பட்டு அணியாக நகரும். ஐந்தாறு வாரங்கள் கடலில் கழிந்த பின் சில நாள்கள் மட்டுமே கரையில் தங்க முடிந்த ஆண்களையும், அவர்களின் வரவை எதிர்பார்த்திருந்த குடும்பங்களையும் கொண்டு உருவானதே ஹல் நகரின் ஹெஸல் சாலைக் குடியிருப்பு.

ஒரு கப்பலில் ஒன்பது பத்துப் பேர் இருப்பார்கள். ஸ்கிப்பர் எனப்படும் தலைவர், அவருக்கு அடுத்த துணைவர், மூன்றாம் நிலையினரான போசன், வலை வேலை பார்க்கும் தளத்தொழிலாளர், எஞ்சின் பொறுப்பாளர்கள், சமையல்காரர் ஆகியோரோடு, நிலக்கரிக் கிடங்கிலிருந்து கொதிகலன் வாய்க்கு நிலக்கரியை வாரிக்கொடுக்கும் ‘டிரிம்மர்’ என்னும் கடைநிலைத் தொழிலாளியும் இருந்தார். தலைவருக்கும் துணைவருக்கும் மாதச் சம்பளம் கிடையாது. செலவு போக மீன்பாட்டின் வருவாயில் பங்கு மட்டுமே. சந்தையில் விலை சரிந்தால், வாரக்கணக்கில் உழைத்த பிறகும் அவர்கள் கடன்பட்டவர்களாகவே கரையேற நேர்ந்தது.

இத்தொழிலின் உச்சமான கணம் வலை மேலேறும் வேளை. வின்ச் முக்கி முனகி வடங்களைச் சுருட்ட, பலகைகள் கப்பலின் பக்கத்தில் மோதி நிற்க, மீன் திரண்ட வலையின் கடைப்பகுதியான மடி கப்பித் தடத்தில் மேலே தூக்கப்பட்டு, நீர் கொட்டக்கொட்டத் தளத்துக்கு மேல் தொங்கும். தளத்தில் நிற்கும் ஒருவர் குனிந்து அந்தப் பாரத்தின் அடியில் புகுந்து, மடியின் வாயைக் கட்டியிருக்கும் சுருக்கு முடிச்சை ஒரே இழுப்பில் அவிழ்த்துவிட்டு விலகுவார். காட், ஹேடாக், தட்டை மீன், நாக்கு மீன் எல்லாம் கல்லும் சேறுமாகத் தளமெங்கும் சரியும். அலையில் கப்பல் உருளும்போது அந்த முடிச்சை அவிழ்க்கும் கைக்கு இருந்த பழக்கமும், இறுகி அதிரும் எஃகு வடம் எப்போது அறுந்து வீசும் என்பதை ஒலியிலேயே கணிக்கும் செவியும் எந்தப் பள்ளியிலும் கற்றுத்தரப்பட்டவையல்ல.

பெட்டி மாற்றும் வேலை இதைவிடக் கொடியது. ஒவ்வொரு கப்பலிலிருந்தும் சிறு துடுப்புப் படகொன்று இறக்கப்பட்டு, அதில் மீன் பெட்டிகளை அடுக்கி, இரண்டு மூன்று பேர் சுமைக்கப்பலை நோக்கித் துடுப்பு வலித்துச் சென்று, அலையோடு ஏறியிறங்கும் அதன் பக்கத்தில் பெட்டிகளைத் தூக்கிக்கொடுக்க வேண்டும். குளிர்காலத்திலும் இவ்வேலை நிற்பதில்லை. இதில் மூழ்கி மாண்டவர் பலர். இம்மக்களின் நிலை கண்டு 1881இல் தொடங்கிய ஆழ்கடல் மீனவர் தொண்டு நிறுவனம், மருத்துவமனைக் கப்பல்களைக் கூட்டங்களோடு அனுப்பி வைத்தது.

போர் தம் தொழிலிடத்துக்கே வரக்கூடும் என்பதை ஹல் மீனவர்கள் வயோலா கட்டப்படுவதற்கு முன்னரே அறிந்திருந்தார்கள். 1904 அக்டோபர் 21ஆம் நாள் இரவு, ஜப்பானோடு போரிடக் கிழக்கு நோக்கிப் புறப்பட்டிருந்த ரஷ்யக் கடற்படை, டாகர் திட்டில் வலை விட்டிருந்த மற்றொரு ஹல் பெட்டிக் கூட்டத்தை ஜப்பானியத் தாக்குபடகுகள் என்று மயங்கிச் சுட்டதில் ‘கிரேன்’ என்னும் இழுவைக்கப்பல் மூழ்கியது. மீனவர் சிலர் உயிரிழந்தனர்.

மீனுக்குப் பதில் கண்ணி

கடற்கண்ணி என்பது வெடிமருந்து நிரப்பிய இரும்புக் கோளம். மிதக்கும் தன்மையுடைய அதை, அடித்தரையில் கிடக்கும் எடையோடு ஒரு கம்பி பிணைத்து, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நிறுத்தி வைக்கும். கோளத்தின் மேல் கொம்புகளைப் போல் ஈயக் குமிழ்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொன்றின் உள்ளும் அமிலம் அடைத்த சிறு கண்ணாடிக் குழல் உண்டு. கப்பலின் அடிப்பாகம் உரசிக் கொம்பு வளைந்தால் குழல் உடைந்து, அமிலம் வழிந்து மின்கலமொன்றை உயிர்ப்பிக்க, கணத்தில் கோளம் வெடிக்கும். ரஷ்ய–ஜப்பானியப் போரில் இவ்வாயுதத்தின் ஆற்றலைக் கண்ட பிறகு, பிரிட்டனின் கடற்படைத் தளபதி சார்லஸ் பெரஸ்ஃபோர்டு, கண்ணிகளை அகற்றும் பணிக்கு மீன்பிடி இழுவைக்கப்பல்களையே அமர்த்தலாம் என்று பரிந்துரைத்தார். கடலடியில் கனத்த கம்பியை இழுத்துச் செல்வதில் மீனவர்களைவிடத் தேர்ந்தவர் எவரும் இல்லை என்பதே அவரது வாதத்தின் சாரம். முதல் உலகப் போர் தொடங்குவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, கடற்படைச் சேமப்படையில் இழுவைக்கப்பல்களுக்கெனத் தனிப்பிரிவு அமைந்துவிட்டது.

கண்ணிவாருதல் எனப்பட்ட அவ்வேலையின் முறை, தமிழ்நாட்டுக் கடற்கரையில் தடைசெய்யப்பட்டிருந்தும் பூசல்களுக்குக் காரணமாகிவரும் இரட்டைமடியை ஒத்தது. இரட்டைமடியில் இரண்டு படகுகள் ஒரே வலையை இருபுறமும் பற்றி இழுப்பதுபோல, இரண்டு இழுவைக்கப்பல்கள் சில நூறு மீட்டர் இடைவெளியில் இணையாகச் சென்று, இரண்டுக்கும் நடுவே எஃகு வடமொன்றை இழுத்துச் செல்லும். வடம் வேண்டிய ஆழத்தில் நிற்பதற்காக, வலைப்பலகையின் அதே தத்துவத்தில் இயங்கிய மரச்சாதனம் ஒன்று அதில் கட்டப்பட்டது. அதற்குப் பட்டம் என்றே பெயர். வடம் கண்ணியின் பிணைகம்பியில் சிக்கி அதை அறுத்தால், கோளம் மேலே மிதந்து வரும்; துப்பாக்கியால் சுட்டு அதை வெடிக்கவோ மூழ்கவோ செய்வார்கள். கப்பலின் அடிப்பாகமே கண்ணியின் மேல் உரசிவிடாதிருக்க, நீர் உயர்ந்து நிற்கும் ஓத நேரம் பார்த்து வேலை செய்ய வேண்டியிருந்தது. கணக்குத் தவறினால் வாரச் சென்ற கப்பலே கண்ணிக்கு இரையாகும். 1914 டிசம்பர் 16 அன்று ஸ்கார்பரோ நகரை ஜெர்மானியக் கப்பல்கள் குண்டுவீசித் தாக்கியபோது, அவற்றுள் ‘கோல்பெர்க்’ என்னும் கப்பல் அக்கரையோரத்தில் கண்ணிகளை விதைத்துவிட்டுப் போயிற்று. அவற்றை அகற்ற முனைந்த இழுவைக்கப்பல்கள் சில அங்கேயே அழிந்தன. எம்டன் சென்னையைத் தாக்கியதைத் தமிழர் மறக்கவில்லை; அதே போரில் ‘வோல்ஃப்’ என்னும் மற்றொரு ஜெர்மானியக் கப்பல் கொழும்புக்கு அருகே விதைத்த கண்ணிகளால் 1917 பிப்ரவரியில் ‘வொர்செஸ்டர்ஷயர்’, ‘பெர்சியஸ்’ ஆகிய இரு கப்பல்கள் மூழ்கியது அந்த அளவுக்கு நினைவில் நிற்கவில்லை.

வயோலா 1914இல் கடற்படைப் பணிக்கு எடுக்கப்பட்டது. அதன் முகப்பாகிய அணியத்தில் பீரங்கி ஏறியது. மீன் அடுக்கிய கிடங்கு ஆள் தங்கும் இடமாயிற்று. முதலில் ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளைச் சுற்றியும், பின்னர் இங்கிலாந்தின் டைன் ஆற்று முகத்தை மையமாகக்கொண்டும் அது காவல் சுற்றியது. அக்காவலில் பெரும்பகுதி காத்திருப்பே: குளிரிலும் மூடுபனியிலும் ஒரே தடத்தில் போய்த் திரும்பி, நீர்மூழ்கியின் நோக்குக்குழல் தலைகாட்டுகிறதா என்று நாள்கணக்கில் அலைகளையே பார்த்துக்கொண்டிருப்பது. குறித்த ஆழத்தை எட்டியதும் தானே வெடிக்கும் ஆழ்வெடி 1916 முதல் கைக்கு வந்த பிறகே, நீருக்குள் மறைந்த எதிரியைத் தாக்கச் சிறு கப்பல்களுக்கு வழி பிறந்தது. 1918 ஆகஸ்ட் 13 அன்று விட்பி துறைமுகத்துக்கு அப்பால் ‘யூபி 30’ என்னும் ஜெர்மானிய நீர்மூழ்கியை இழுவைக்கப்பல்கள் கூட்டாகத் தாக்கி அழித்தன. அவற்றுள் வயோலாவும் ஒன்று. நீர்மூழ்கியில் இருந்த 26 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. செப்டம்பர் 29 அன்று நார்தம்பர்லாந்து கரைக்கு அப்பால் ‘யூபி 115’ வீழ்ந்த மோதலிலும் வயோலாவுக்குப் பங்கு இருந்தது.

விட்பிச் சண்டையில் வயோலாவோடு நின்ற ‘ஜான் கில்மன்’, ‘ஜான் புரூக்கர்’ என்னும் கப்பல்களின் பெயர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. மீன்பிடிக் கப்பல்கள் போதாமற்போனதால் அவற்றின் வடிவத்தையே பின்பற்றிக் கடற்படை நூற்றுக்கணக்கில் புதியவற்றைக் கட்டுவித்தபோது, 1805இல் டிராஃபால்கர் போரில் நெல்சனின் ‘விக்டரி’, ‘ராயல் சாவரின்’ கப்பல்களில் பணியாற்றிய சாதாரண மாலுமிகளின் பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்து அவற்றுக்குச் சூட்டியது. போர்க்கப்பல்கள் மீன்பிடிக் கப்பலின் அச்சில் வார்க்கப்பட்டதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. போர்க்காலம் முழுவதும் பணியாற்றிய இழுவைக்கப்பல்கள் 1,400க்கும் மேல். கடற்படை எடுக்காமல் விட்ட பழைய கப்பல்களும் பாய்மரப் படகுகளும் நாட்டுக்கு மீன் கொடுக்கத் தொடர்ந்து கடலுக்குப் போயின. அவ்வாறு மீன் பிடித்துக்கொண்டிருந்த நிலையில் மூழ்கடிக்கப்பட்ட பிரிட்டிஷ் படகுகள் 600க்கும் அதிகம்.

இரண்டாம் உலகப் போரிலும் இதே கதை பெரிய அளவில் திரும்பியது. லோஸ்டாஃப்ட் நகரைத் தலைமையிடமாகக்கொண்டு இயங்கிய ராயல் நேவல் பேட்ரோல் சர்வீஸ் என்னும் காவற்பிரிவு, மீனவர்களையும் அவர்தம் கப்பல்களையும் கொண்டே பெரும்பாலும் உருவானது. கடலே கல்லறையாகிப்போன அப்பிரிவினர் 2,385 பேரின் பெயர்கள் அந்நகரின் நினைவுத்தூணில் பொறிக்கப்பட்டிருக்கின்றன.

பெயர் மாறிய பயணம்

முதல் போருக்குப் பின் இழுவைக்கப்பல்கள் உலகின் பல கடல்களுக்குப் பரவின. கன்னியாகுமரிக்குத் தெற்கேயுள்ள வாட்ஜ் திட்டில் மீன்வளம் மிகுந்திருப்பதை, 1920களில் இலங்கை அரசின் ‘லில்லா’, சென்னை மாகாண அரசின் ‘லேடி கோஷன்’ ஆகிய இழுவைக்கப்பல்கள் நடத்திய ஆய்வுகளே வெளிக்கொணர்ந்தன. பெட்டிக் கூட்டங்களின் காலம் மங்கிவந்த நிலையில், வயோலா நார்வேக்கு விற்கப்பட்டு, முதலில் ‘கப்டூவன்’ என்றும் பின்னர் ‘டயஸ்’ என்றும் பெயர் மாறி, ஆப்பிரிக்கக் கரையோரத்தில் திமிங்கில வேட்டைக்குச் சென்றது. பாரம் இழுக்கப் பழகிய உடலும், தொலைதூரம் தாங்கும் எஞ்சினும் அங்கும் அதற்குக் கைகொடுத்தன.

1927இல் தெற்கு ஜார்ஜியா தீவின் கிரைட்விக்கன் நிலையத்துக்கு அது வந்து சேர்ந்தது. நார்வேக்காரரான கார்ல் அன்டன் லார்சன் 1904இல் நிறுவிய அந்நிலையம், திமிங்கிலத்தை உருக்கி எண்ணெய் எடுக்கும் தொழிற்சாலை. டயஸின் முதன்மை வேலை யானைக்கடல்நாய் வேட்டை: தும்பிக்கையை நினைவூட்டும் மூக்கையுடைய அவ்விலங்குகளில் பருத்த ஆண்களைக் கடற்கரைகளில் கொன்று, தோலடிக் கொழுப்பை உரித்துக் கப்பலுக்கு இழுத்து, நிலையத்துக்குக் கொண்டுவந்து உருக்குவது. இடையிடையே ஆய்வுக் குழுக்களைத் தீவின் ஒதுக்குப்புற விரிகுடாக்களில் இறக்கிவிடுவதும், தெற்கு ஆர்க்னி தீவுகளில் அர்ஜென்டினா நடத்திவந்த வானிலை நிலையத்துக்குப் பொருள் கொண்டுபோவதும் அதன் பொறுப்பாயின. 1960களின் நடுவில் திமிங்கிலங்கள் அருகிப்போய் நிலையம் மூடப்பட்டபோது டயஸும் கரையோரம் கட்டிவைக்கப்பட்டது. 1974இல் நின்ற இடத்திலேயே மூழ்கியது.

ஓய்ந்து கிடந்த அக்கப்பலின் அருகே போர் மீண்டும் ஒருமுறை வந்தது. கைவிடப்பட்ட நிலையங்களின் பழைய இரும்பைப் பெயர்த்தெடுக்க 1982 மார்ச்சில் அத்தீவில் வந்திறங்கிய அர்ஜென்டினத் தொழிலாளர்களைச் சுற்றி எழுந்த பூசல், ஃபாக்லாந்து போரின் முன்னுரையாயிற்று. ஏப்ரல் 3 அன்று கிரைட்விக்கனின் விரிகுடாவிலேயே பிரிட்டிஷ், அர்ஜென்டினப் படைகள் மோதிக்கொண்டன.

நிலையத்தில் தேங்கியிருந்த எண்ணெயையும் ஆஸ்பெஸ்டாஸையும் அகற்றிய தூய்மைப் பணியின்போது, 2004ஆம் ஆண்டு வயோலா மீண்டும் மிதக்கவைக்கப்பட்டுக் கரையில் ஏற்றி நிறுத்தப்பட்டது. அதன் நீராவி எஞ்சின் இன்னும் உள்ளேயே இருக்கிறது. ஹல் நகரின் அறக்கட்டளை ஒன்று அதைத் தாய்த்துறைக்குக் கொண்டுவரப் பெருமுயற்சி எடுத்துவந்தபோதிலும், கப்பலுக்கு முன்பாக ஊர் திரும்பியது அதன் மணி மட்டுமே. பெயர் மாற்றப்பட்டபோது கழற்றப்பட்டு நார்வேயில் கிடந்த அந்த மணியில் ‘வயோலா’ என்னும் பழைய பெயர் அழியாமல் இருந்தது. கிரைட்விக்கனிலோ, ஒருகாலத்தில் அதன் தளத்தில் கொழுப்பாக வந்து குவிந்த யானைக்கடல்நாய்களின் வழித்தோன்றல்கள், வேட்டை ஒழிந்த கரையில், துருவேறிய கப்பல்களைச் சற்றும் பொருட்படுத்தாமல் படுத்துறங்குகின்றன.